கச்சான் காற்றும் துவக்குக் குழலும்

பிள்ளைகளே, ஆனி, ஆடி மாதங்களில் கல்முனையில் வீசும் கச்சானை உங்களுக்கு நன்றாகத் தெரியும். உதடு வெடிக்கும், கண் எரியும், உம்மா கொடியில் போட்ட சாரன் சட்டென்று காய்ந்துவிடும். இது தென்மேற்குப் பருவக்காற்றுத்தான். மழையை மேற்குப் பக்கத்தில் கொட்டிவிட்டு மலையைத் தாண்டி இறங்கும்போது, சூடேறி உலர்ந்து நம்மிடம் வருகிறது. ஒரு காலத்தில் இதே காற்று, வருகிற வழியில் இரும்பு உலைகளையும் எரித்தது.

பலாங்கொடைப் பக்கம் சமனலவெவ என்று ஓர் இடம். இப்போது அங்கே பெரிய நீர்த்தேக்கம் இருக்கிறது. ஜில் ஜூலெஃப் என்ற தொல்லியலாளர் அங்கே மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் ஆயிரம் ஆண்டுக்கு முந்திய இரும்பு உலைகளைக் கண்டார். துருத்தி ஊத ஆள் தேவைப்படாத உலைகள் அவை! மலை ஏறி வரும் காற்று உலையின் முன்சுவருக்கு மேலாகப் பாயும்போது, சுவரின் உட்பக்கம் அமுக்கம் குறைகிறது. உடனே சுவரடியில் வைத்த மண்குழாய்கள் வழியே வெளிக்காற்று உள்ளே விரைகிறது. கரி வெண்சூட்டில் எரிகிறது. நம்பாதவர்களும் இருந்தார்கள். அதனால் 1994இல் அதே மாதிரி உலை கட்டி, பருவக்காற்றிலேயே எரித்துக் காட்டினார். இரும்பு கிடைத்தது, நல்ல உருக்கும் கிடைத்தது. 1996இல் ‘நேச்சர்’ இதழ் அதை வெளியிட்டது.

இரும்பு எப்போது உருக்காகும்? காபன் கொஞ்சம் சேரும்போது. காபன் அநேகமாக இல்லாத இரும்பு மெதுமையானது, வளையும். நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் காபன் சேர்ந்தால் கத்திக்கு ஏற்ற கடினம் வரும். இரண்டு பங்கைத் தாண்டினால் வார்ப்பிரும்பு. ஓங்கி அடித்தால் உடைந்துவிடும். இரும்புத் துண்டுகளையும் ஆவாரை மரச் சிராய்களையும் மண்குழாயில் அடைத்து, மூடிச் சுட்டு, காபனை இரும்புக்குள் ஏற்றும் முறை இலங்கையில் இருந்தது. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட நூலில் இதை எழுதியிருக்கிறார். அதற்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்னரே பக்தாதின் அறிஞர் அல்-கிந்தி, வாள்களைப் பற்றிய தமது நூலில் செரந்தீப் உருக்கைக் குறிப்பிட்டிருந்தார். செரந்தீப் நமது இலங்கைதான்.

பிறகு போர்த்துக்கேயர் துவக்கோடு வந்தார்கள். நம் நாட்டுக் கொல்லர்கள் அதைப் பார்த்துப் படித்து, தாங்களே செய்யத் தொடங்கினார்கள். வாயால் மருந்தும் குண்டும் திணித்துச் சுடும் துவக்குகள் அவை. மேற்குக் கரையிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்களை 1626இல் நம் பக்கத்தில் குடியேற்றியதாகச் சொல்லப்படும் மன்னர் செனரத்தின் கண்டிப் படையிடமும் துவக்குகள் இருந்தன.

இப்போது யோசியுங்கள். அந்தத் துவக்கின் குழலுக்கு எந்த உருக்கு நல்லது? வாளுக்கு ஏற்ற கடினமானதா? இல்லவே இல்லை! மருந்து பற்றியதும் வாயுவின் அமுக்கம் கண் இமைக்கும் முன் குழலின் சுவரை இடிக்கும். மிகக் கடினமான உருக்கு அதைத் தாங்காமல் சிதறலாம். காபன் குறைந்த இரும்பு சற்றே விரிந்து கொடுத்துத் தாங்கும். அதனால் குழல் செய்கிறவர் தேடியது கடினத்தை அல்ல, உரத்தை. உள்ளே இரும்புக் கசடு தங்கினால் அந்த இடமே வெடிக்கும். ஆகவே திரும்பத் திரும்பக் காய்ச்சி அடித்துக் கசடை வெளியேற்றினார்கள். வெப்பமானி இல்லாத காலம் அது. இரும்பின் நிறம்தான் அவர்களுக்கு அளவுகோல். அந்தக் கண்ணைத்தான் நான் பெரிய கைத்திறன் என்பேன்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தகட்டைக் கம்பியில் சுற்றி, விளிம்புகளை அடித்து ஒட்டினால் குழல் நெடுக ஓர் ஒட்டுக்கோடு விழும். சட்டியில் பொரியும் சொசேஜைக் கவனித்தீர்களா? அது நீளவாக்கில்தான் வெடிக்கும். உருளைக்குள் அமுக்கம் கூடும்போது, சுற்றிவரும் இழுவை நெடுக வரும் இழுவையைப் போல இரண்டு மடங்கு. நெடுங்கோட்டு ஒட்டுக்கு அதுதான் ஆபத்து. அதனால் இந்தியாவிலும் துருக்கியிலும் திறமையான கொல்லர்கள் இரும்புப் பட்டையைச் சுருளாகச் சுற்றி ஒட்டினார்கள். ஒட்டு சாய்வாக ஓடியது. இழுவையின் முழுப் பலமும் அதன்மேல் விழவில்லை. நீளவாக்கில் ஒட்டிய தண்ணீர்க் குழாயில் களவாகத் துவக்குச் செய்கிறவர்கள் தங்கள் கையையும் கண்ணையும் பணயம் வைப்பது இதனால்தான்.

ஒட்டே இல்லாத குழலும் உண்டு. வெண்கலம் இரும்பைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகும். அச்சில் ஊற்றி முழுக்குழலாக வார்க்கலாம். 1765இல் ஒல்லாந்தர் கண்டியிலிருந்து கொண்டுபோன லெவ்கே பீரங்கியின் குழல் வெண்கலம். பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்த அந்தப் பீரங்கி, அம்ஸ்டர்டாம் நூதனசாலையிலிருந்து 2023 டிசம்பரில் நாடு திரும்பியது. கொழும்பு தேசிய நூதனசாலைக்கு வாப்பாவோடு போனால் மாணிக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு வராமல், குழலில் ஒட்டுக்கோடு இருக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள்.