வயலுக்கு வரும் அந்நிய மூலதனம்: லாபம் யாருக்கு?

வைட்ஃபீல்ட் என்றதும் கம்ப்யூட்டர் கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டிடங்கள்தான் இன்று எல்லோர் நினைவுக்கும் வருகின்றன. ஆனால் இந்த ஊர் பிறந்தது விவசாயத்துக்காக. 1882-ல் மைசூர் மகாராஜா பத்தாம் சாமராஜ உடையார், ஆங்கிலோ இந்தியர் சங்கத்துக்கு 3,900 ஏக்கர் நிலம் வழங்கினார். அந்தச் சமூகத்தினர் உழுது பயிரிட்டுச் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்பது நோக்கம். சங்கத்தை நிறுவிய டேவிட் இம்மானுவேல் ஸ்டார்கன்பர்க் ஒயிட் என்பவரின் பெயர்தான் ஊருக்கு நிலைத்துவிட்டது.

அந்த விவசாயக் குடியேற்றம் பெரிதாக வளரவில்லை. நூறாண்டுக்கு மேல் சிற்றூராகவே இருந்த இடத்துக்கு, 1994-ல் இந்திய–சிங்கப்பூர் கூட்டு முயற்சியான தொழில்நுட்பப் பூங்காத் திட்டம் வந்தது. அதன் பிறகு ஊரின் முகமே மாறிவிட்டது.

ஆனாலும் வயலுக்கும் வைட்ஃபீல்டுக்கும் உள்ள உறவு அறுந்துவிடவில்லை. மத்திய அரசின் கன்டெய்னர் கார்ப்பரேஷன் நடத்தும் உள்நாட்டுக் கன்டெய்னர் டெப்போ இங்கேதான் இருக்கிறது. ஏற்றுமதிச் சரக்குக்குச் சுங்கச் சோதனை இங்கேயே முடிந்து, பெட்டிகள் ரயிலேறிச் சென்னைத் துறைமுகம் போகின்றன. சோப்பிலிருந்து தேயிலை வரை விற்கும் யுனிலீவர் நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையமும் வைட்ஃபீல்ட் மெயின் ரோட்டில் இருக்கிறது.

லாரி, கிடங்கு, கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ் என்று இந்த வியாபாரத்தின் பல படிகளில் வேலை பார்க்கும் தமிழர்கள் உண்டு. அவர்களில் பலருக்கு தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம் இரண்டு ஏக்கராவது இருக்கும். "வெளிநாட்டுக் கம்பெனி வருகிறது, விவசாயிக்கு நல்ல காலம்" என்று ஒரு சாராரும், "வந்தால் நிலமே போய்விடும்" என்று மற்றொரு சாராரும் பேசும்போது, இரண்டில் எது உண்மை என்று அறிய வேண்டியவர்கள் இவர்களே.

எதற்கு அனுமதி, எதற்கு இல்லை?

முதலில் சட்டம் சொல்வதைப் பார்க்கலாம். அந்நிய நாட்டார் இந்தியாவில் விவசாய நிலம் வாங்க முடியாது. சாதாரண நெல், ராகிச் சாகுபடியில் அந்நிய நேரடி முதலீட்டுக்கு இடமில்லை. ஆனால் விதை உற்பத்தி, பூச்செடி வளர்ப்பு, தோட்டக்கலை, மீன் வளர்ப்பு, கால்நடை போன்றவற்றில் நிபந்தனைகளுக்கு உட்பட்டு நூற்றுக்கு நூறு முதலீடு செய்யலாம். தேயிலை, காப்பி, ரப்பர், ஏலத் தோட்டங்களுக்கும், உணவு பதப்படுத்தும் தொழிற்சாலைகளுக்கும் அவ்வாறே. மொத்த வியாபாரத்திலும் முழு முதலீட்டுக்கு அனுமதி உண்டு. இந்தியாவில் விளைந்த, தயாரான உணவுப் பொருள்களைச் சில்லறையில் விற்க 2016-ல் முழு முதலீடு அனுமதிக்கப்பட்டது.

ஆகவே, அந்நிய மூலதனம் நிலத்தை வாங்கிக்கொண்டு வருவதில்லை. விதையாக வருகிறது, ஒப்பந்தமாக வருகிறது, கடையாக வருகிறது. மூன்றையும் பெங்களூர் நேரில் பார்த்திருக்கிறது.

விதையில் மூண்ட தீ

1992 டிசம்பரில், அமெரிக்காவின் கார்கில் கம்பெனியின் விதைப் பிரிவு பெங்களூரில் நடத்திவந்த அலுவலகத்துக்குள் கர்நாடக ராஜ்ய ரைத சங்கத்தினர் புகுந்து, காகிதங்களை வெளியே எடுத்துப் போட்டுக் கொளுத்தினார்கள். மறு ஆண்டு ஜூலையில் பெல்லாரி மாவட்டத்தில் கட்டப்பட்டு வந்த அதன் விதை ஆலையும் தாக்கப்பட்டது. சங்கத்தின் தலைவர் பேராசிரியர் எம்.டி. நஞ்சுண்டசாமி. உலக வர்த்தக ஒப்பந்தத்தால் விதைக்குக் காப்புரிமை வந்துவிடும், விளைச்சலில் ஒரு பங்கை விதைக்கு ஒதுக்கி வைக்கும் பழக்கமே குற்றமாகிவிடும் என்பது அவர்களின் அச்சம்.

சூறையாடியது சரியா என்பது வேறு கேள்வி. அவர்கள் எழுப்பிய பிரச்சினைக்கு 2001-ல் நாடாளுமன்றம் ஒரு விடை தந்தது. பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டத்தின்படி, விவசாயி தன் விளைச்சலிலிருந்து விதை எடுத்து வைக்கலாம், மறுபடி விதைக்கலாம், பரிமாறிக்கொள்ளலாம், விற்கவும் செய்யலாம். பாதுகாக்கப்பட்ட ரகத்தை முத்திரையிட்ட பெயரில் விற்கக் கூடாது என்பதே கட்டுப்பாடு.

கார்கில் என்ன ஆயிற்று? 1998-ல் தன் சர்வதேச விதை வியாபாரத்தை மான்சான்டோவுக்கு விற்றது. 2018-ல் அந்த மான்சான்டோவையே ஜெர்மனியின் பேயர் வாங்கியது. கம்பெனிப் பெயர்ப் பலகைகள் மாறின. விவசாயியின் உரிமைச் சட்டம் மட்டும் நிலைத்து நிற்கிறது.

ஜாடிக்குள் போகும் பிஞ்சு

ஒப்பந்தச் சாகுபடிக்குச் சிறந்த உதாரணம் கெர்கின் என்னும் குட்டி வெள்ளரி. கன்னடத்தில் மிடி சவுத்தே. தென்னாட்டுச் சமையலில் இதற்கு இடமில்லை. காடியில் ஊறி, ஜாடியில் அடைபட்டு அமெரிக்கா, பிரான்சு, ஜெர்மனி, ரஷ்யா போகும் சரக்கு இது. 1990-களின் தொடக்கத்தில் கர்நாடகத்தில் சிறிய அளவில் தொடங்கி, தமிழ்நாடு, ஆந்திரம், தெலுங்கானாவுக்கும் பரவியது. 2020-21-ல் சுமார் 2 லட்சத்து 23 ஆயிரம் டன் வெள்ளரி, கெர்கின் ஏற்றுமதியாகி, 22 கோடி டாலருக்கு மேல் ஈட்டித் தந்தது. உலகத் தேவையில் ஏறத்தாழ 15 சதவீதம் இந்தியாவில் விளைகிறது. சுமார் 90,000 சிறு, குறு விவசாயிகள் ஒப்பந்த முறையில் பயிரிடுவதாக மத்திய அரசு 2022 ஜனவரியில் தெரிவித்தது.

நடைமுறை இப்படித்தான். கம்பெனி விதை, உரம், மருந்தைக் கடனாகத் தருகிறது. அதன் களப் பணியாளர் வயலுக்கு வந்து எப்போது என்ன தெளிப்பது என்று சொல்லிப் போகிறார். பறித்த காயை ஒப்பந்த விலைக்குக் கம்பெனியே எடுத்துக்கொண்டு, தந்த கடனைக் கழித்துப் பாக்கியைக் கொடுக்கிறது. தொண்ணூறு நாள் பயிர். ஏக்கருக்கு சராசரி 4 டன், வரவு சுமார் 80,000 ரூபாய், செலவு போக 40,000 ரூபாய் நிற்கும் என்பது அரசு தந்த கணக்கு.

கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பிஞ்சு காத்திருக்காது. கிலோவுக்கு எத்தனை காய் நிற்கிறது என்று எண்ணித்தான் தரம் பிரிக்கிறார்கள். காய் சிறுத்தால் விலை அதிகம். ஒரு நாள் பறிக்கத் தவறினால் காய் பெருத்துத் தரம் இறங்கிவிடும். எனவே தினமும் ஆள் வேண்டும். தண்ணீர் தவறாமல் வேண்டும். மருந்து அளவு மீறினால் வெளிநாட்டுச் சோதனையில் சரக்கு தேறாது. ஒதுக்கப்பட்ட காய்க்கு உள்ளூர்ச் சந்தையில் பெரிய கிராக்கியும் இல்லை. வாங்கக் கம்பெனி ஒன்றே என்பதால், தரம் பிரிக்கும் மேஜையில்தான் விவசாயியின் வரவு தீர்மானமாகிறது.

கடை வந்த கதை, போன கதை

2003-ல் ஜெர்மனியின் மெட்ரோ கேஷ் அண்டு கேரி நிறுவனம் இந்தியாவில் முதன்முதலாகக் கால் வைத்தது பெங்களூரில்தான். பெட்டிக்கடைக்காரர், ஓட்டல்காரர், ஆபீஸ் கேன்டீன் என்று உறுப்பினர் அட்டை பெற்றவருக்கு மட்டும் மொத்தமாக விற்கும் கடை. பல நகரங்களில் பரவிய பிறகு, 2022 டிசம்பரில் இந்திய வியாபாரத்தை ரிலையன்ஸ் ரீடெயிலுக்கு 2,850 கோடி ரூபாய்க்கு விற்க ஒப்பந்தம் செய்தது. 21 நகரங்களில் 31 கடைகள், சுமார் 3,500 ஊழியர்கள். 2023 மே மாதம் கைமாற்றம் முடிந்தது. பிரான்சின் கார்ஃபூர் அதற்கு முன்பே, 2014-ல், இந்தியக் கடைகளை மூடிவிட்டுப் போனது.

இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. லாபம் குறைந்தால் மூலதனம் வேறிடம் பார்க்கும். அது அதன் இயல்பு. நிலமும் தொழிலாளியும் அப்படி எழுந்து போக முடியாது. மாரிக்குப்பம் ரயிலில் தினமும் வந்திறங்கும் தங்கவயல் தமிழர்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனியின் ஆங்கிலேய மூலதனத்தால் எழுந்த சுரங்கம், பின்னர் அரசின் கைக்கு வந்து, 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. ஊர் மட்டும் அங்கேயே இருக்கிறது.

கையெழுத்துக்கு முன்

ஒப்பந்தக் காகிதத்தின் வலிமைக்கு 2019-ல் குஜராத்தில் நடந்தது சாட்சி. தன் பதிவு பெற்ற உருளைக்கிழங்கு ரகத்தை அனுமதியின்றிப் பயிரிட்டதாகப் பெப்சிகோ நிறுவனம் சில விவசாயிகள் மீது தலைக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் கேட்டு வழக்குப் போட்டது. நாடெங்கும் கண்டனம் எழுந்ததும் மே மாதம் வழக்கைத் திரும்பப் பெற்றது.

அதே 2019-ல் தமிழ்நாடு ஒப்பந்தச் சாகுபடிக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது.  கையெழுத்திடும் நாளில் பேசிய விலையையே அறுவடையின்போதும் தர வேண்டும் என்பது இதன் சாரம்.

ஊரில் இருக்கும் அண்ணனோ தகப்பனாரோ "கம்பெனிக்காரர் வந்திருக்கிறார், கையெழுத்துக் கேட்கிறார்" என்று போன் செய்தால், ஆபீஸில் நாள் முழுதும் பில்லும் வவுச்சரும் பார்த்துப் பழகிய குமாஸ்தா கேட்க வேண்டிய கேள்விகள் ஐந்துதான். விலை எழுத்தில் இருக்கிறதா? தரம் பிரிப்பது யார், எங்கே, விவசாயியின் கண் முன்னாலா? ஒதுக்கிய காய்க்குப் பொறுப்பு யாருக்கு? மழை கெடுத்தால் விதைக்கடன் யார் தலையில்? பணம் எத்தனை நாளில் வரும்?

ஐந்துக்கும் காகிதத்தில் பதில் இருந்தால் கம்பெனி எந்த நாட்டுடையது என்று பார்க்கத் தேவையில்லை. இல்லையென்றால், அது உள்ளூர்க் கம்பெனியாகவே இருந்தாலும் கையெழுத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது.