கம்பெனிக்குள்ளே ஒரு வக்கீல்!



வக்கீல் என்றவுடன் நமக்கு ஞாபகம் வருவது கறுப்பு கோட்டும் கோர்ட்டும்தான். ஆனால் கோர்ட்டில் வாதாடவே கூடாத வக்கீல்களும் இருக்கிறார்கள், தெரியுமா? என் சித்தப்பா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியின் சட்டப் பிரிவில் ஆபீஸ் பாயாக வேலை செய்கிறார். ஃபைல் தூக்குவது, ஜெராக்ஸ் எடுப்பது, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய ஆபீசுக்குத் தபால் கொண்டுபோவது இதெல்லாம் அவர் வேலை. அவரைக் கேட்டுக் கேட்டுத்தான் இந்தக் கட்டுரையை எழுதினேன்.

முழுநேரச் சம்பளத்துக்கு ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டால் அவர் கோர்ட்டில் வக்கீலாக வாதாடக் கூடாது என்பது இந்திய பார் கவுன்சிலின் விதி. கேஸ் வந்தால் கம்பெனி வெளி வக்கீலை வைக்கும். இன்னொரு வித்தியாசமும் உண்டு. நாம் வெளி வக்கீலிடம் சொன்ன ரகசியத்தைச் சொல்லு என்று அவரை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அந்த முழுப் பாதுகாப்பு கம்பெனி வக்கீலுக்குக் கிடையாது என்று 2025 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்போ இவருக்கு என்னதான் வேலை? கேஸ் வராமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை!

முதலில் ஒப்பந்தம். இதற்கு நம்ம ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. ஊத்துக்கோட்டை ஜீரோ பாயிண்டில் வருகிற கிருஷ்ணா தண்ணீர் சும்மா வரவில்லை. 1983-ல் தமிழ்நாடும் ஆந்திராவும் போட்ட ஒப்பந்தப்படி வருகிறது. வருஷத்துக்கு 12 டி.எம்.சி. அதில் ஜூலை முதல் அக்டோபர் வரை 8, ஜனவரி முதல் ஏப்ரல் வரை 4. எவ்வளவு, எப்போது, எங்கே என்று தெளிவாக எழுதியிருப்பதால்தான் குறைந்தால் கேட்க முடிகிறது. கம்பெனி வக்கீலும் சரக்கு வாங்க, லாரி பிடிக்க, ஆள் எடுக்க எல்லாவற்றுக்கும் இப்படித்தான் எழுதுகிறார். "நாளைக்குச் சண்டை வந்தா எந்த வரியைக் காட்டுவேன்னு பார்த்துதாம்மா எழுதுவாரு" என்று சித்தப்பா சொன்னார்.

அடுத்தது ஆபத்தைக் கணக்குப் போடுவது. முன்பெல்லாம் பிச்சாட்டூர் அணையைத் திறந்தால் நம் ஆரணி ஆற்றுத் தரைப்பாலம் முழுகிவிடும் அல்லவா? மழைக்காலத்தில் நம் வீட்டுப் பெரியவர்கள் என்ன யோசிப்பார்கள்? தண்ணீர் வருமா, வந்தால் எவ்வளவு கஷ்டம், சுத்திப் போக வழி உண்டா என்று யோசிப்பார்கள். அதே மூன்று கேள்விகளைத்தான் வக்கீலும் ஒரு பெரிய பட்டியலில் எழுதி வைத்திருக்கிறார். அடிக்கடி நடக்காது, நடந்தால் தாங்காது என்பவைதான் அதில் மேலே இருக்குமாம்.

அப்படி ஒன்று நம்ம பக்கமே நடந்தது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் கோரமண்டல் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தது. மூச்சுத் திணறிப் பலர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே கேஸ் எடுத்தது. வாரியம் 5.92 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. ஆபத்தான பொருளை வைத்துத் தொழில் செய்கிறவர், தப்பு யாருடையது என்று சாக்குச் சொல்லாமல் நஷ்டஈடு தரவேண்டும் என்று டெல்லி வாயுக் கசிவு வழக்கில் 1986-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. போபாலில் 1984-ல் ஆயிரக்கணக்கான பேர் செத்த பிறகு வந்த தீர்ப்பு அது.

இப்போது கண்காணிக்கிற அரசு அலுவலகங்களைப் பற்றி. தண்ணீர்ச் சட்டம் 1974-ல் வந்தது, காற்றுச் சட்டம் 1981-ல் வந்தது. இவற்றின்படி தொழிற்சாலை கட்டுவதற்கு ஒரு இசைவாணை, ஓட்டுவதற்கு ஒரு இசைவாணை வாங்கவேண்டும். அதிகம் மாசு செய்வது சிவப்பு, அப்புறம் ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று தொழில்களை நிறம் நிறமாகப் பிரித்திருக்கிறார்கள். விதி மீறினால் ஆலையை மூடச் சொல்லலாம், கரண்டையும் கட் பண்ணச் சொல்லலாம். அதனால் சட்டப் பிரிவில் முக்கியமான புத்தகம் சட்டப் புத்தகம் இல்லையாம், தேதி எழுதின நோட்டாம்! எந்த இசைவாணை எப்போது முடிகிறது, எந்த நோட்டீசுக்கு எத்தனை நாளில் பதில் தரணும் என்று அதில் இருக்கும். தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலைக்கு 2013-ல் உச்ச நீதிமன்றம் 100 கோடி ரூபாய் கட்டச் சொன்னதற்கு, இசைவாணை புதுப்பிக்காமல் ஆலையை ஓட்டியதும் ஒரு காரணம். அந்த ஆலை 2018-ல் மூடப்பட்டது. கம்பெனி பெரிய பெரிய வக்கீல்களை வைத்து வாதாடியும் 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் மனுவைத் தள்ளிவிட்டது. கடைசி நேரத்தில் வக்கீலைக் கூப்பிட்டால் இப்படித்தான் ஆகும் என்று எனக்குத் தோன்றுகிறது.

புதுத் தொழில்நுட்பம் வந்தால் இந்த வக்கீலுக்குத்தான் தலைவலி. இதில் எங்க வீட்டுக் கதையும் இருக்கிறது. எங்க அம்மா வேறொரு கம்பெனியில் காண்ட்ராக்ட்டில் பேக்கிங் வேலை செய்கிறார். அங்கே வருகைக்குக் கைரேகை மெஷின் வைத்தார்கள். அட்டைப் பெட்டி தேய்த்துத் தேய்த்து அம்மா விரலில் ரேகையே சரியாக இல்லை. மெஷின் ஏற்கவில்லை. ஒரு மாதத்தில் மூன்று அரை நாள் சம்பளம் போச்சு. வேலை செய்த பிறகும் போச்சு! அம்மா சூப்பர்வைசரிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நாலைந்து பேர் சேர்ந்து எழுதிக்கொடுத்த கடிதம் அந்தக் கம்பெனிச் சட்டப் பிரிவுக்குப் போன அடுத்த வாரமே மெஷின் பக்கத்தில் ஒரு ரிஜிஸ்டர் வந்தது. ரேகை விழாதவர்கள் கையெழுத்துப் போடலாம். விட்டுப்போன சம்பளமும் வந்தது.

அவர்கள் அம்மா மேல் இரக்கப்பட்டுச் செய்தார்களா என்று சித்தப்பாவைக் கேட்டேன். சிரித்தார். "செஞ்ச வேலைக்குக் கூலி குடுக்கலன்னா கேஸ் கம்பெனி மேலதானே வரும்? அந்த வக்கீலு கம்பெனிக்காகத்தான் பண்ணாரு" என்றார். அது உண்மைதான். கம்பெனி வக்கீல் நம்ம வக்கீல் இல்லை. ஆனாலும் எழுத்தில் கொடுத்ததால்தான் அது ஆபத்துப் பட்டியலில் ஏறியது. வாயால் சொன்னபோது ஏறவில்லை.

கைரேகை, முகப் போட்டோ இதெல்லாம் நம்முடைய தனிப்பட்ட தகவல். இதற்காக 2023-ல் ஒரு சட்டம் வந்தது. தகவலைப் பாதுகாக்காமல் கசியவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் போடலாம். விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியமான கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாதம் தவணை கொடுத்திருக்கிறார்கள். சம்மதம் கேட்கிற தாளைத் தமிழிலும் படிக்கக் கேட்கலாம் என்று அதில் இருப்பது எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் வேலை சம்பந்தமான சில காரியங்களுக்கு முதலாளி சம்மதம் கேட்கத் தேவையில்லை என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. அது பிடிக்கவில்லை.

செயற்கை நுண்ணறிவு பற்றியும் கேட்டேன். அமெரிக்காவில் நியூயார்க்கில் 2023-ல் இரண்டு வக்கீல்கள் அதைக் கேட்டு எழுதிய மனுவில் நடக்கவே நடக்காத வழக்குகள் இருந்தன. நீதிபதி 5,000 டாலர் அபராதம் போட்டார். சித்தப்பா ஆபீசில் இப்போது கம்பெனிக் காகிதம் எதையும் அதில் போடக்கூடாது என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்களாம். ஒட்டினதே சித்தப்பாதான்.

இன்னொன்று. ஆபத்தான கழிவு வருகிற தொழிற்சாலைகள் என்ன ரசாயனம் வைத்திருக்கின்றன, என்ன கழிவு வருகிறது என்று கேட்டுக்கு வெளியே போர்டில் எழுதி வைக்கவேண்டும் என்று 2003-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. சிப்காட் பக்கம் போனால் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். நான் போன லீவில் நாலு போர்டு படித்தேன். மூன்றில் பெயிண்டில் பளிச்சென்று எழுதியிருந்தது. ஒன்றில் சாக்பீஸ் எழுத்து, மழையில் அழிந்துபோயிருந்தது.