குழந்தைக்கு எத்தனை மில்லி? மருந்தளவு கணக்கிடப்படும் முறை

குழந்தைகள் நலப் பிரிவில் அனுமதிக்கப்படும் ஒவ்வொரு குழந்தையின் எடையையும் செவிலியர்கள் முதலில் பார்க்கின்றனர். இரண்டு நாட்களுக்கு முன்புதான் வேறிடத்தில் எடை பார்த்ததாகப் பெற்றோர் கூறினாலும், நாங்கள் மீண்டும் பார்க்கிறோம். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் குழந்தையின் எடையை விரைவில் குறைத்துவிடக்கூடும். குழந்தைக்குரிய மருந்தளவு பெரும்பாலும் அந்த எடையிலிருந்தே பிறக்கிறது.

முற்காலத்தில் வயதைக் கொண்டு அளவு கணிக்கும் வழக்கம் இருந்தது. ‘யங் விதி’ என்பது அவற்றுள் ஒன்று. குழந்தையின் வயதை, அவ்வயதுடன் 12-ஐக் கூட்டி வரும் எண்ணால் வகுத்து, பெரியவர்களுக்கான அளவால் பெருக்குவர். அதன்படி 3 வயதுக் குழந்தைக்குப் பெரியவர் அளவில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் ஒரே வயதுடைய குழந்தைகளுள் ஒன்று 10 கிலோவும் மற்றொன்று 16 கிலோவும் இருக்கக் காண்கிறோம். ஆகவே இன்று செவிலியர் மாணவர்கள் எடைவழிக் கணக்கையே பயில்கின்றனர்.

காய்ச்சலுக்குத் தரப்படும் பாராசிட்டமாலை எடுத்துக்கொள்வோம். ஒரு வேளைக்கு, ஒரு கிலோ எடைக்கு 15 மி.கி. என மருத்துவர் எழுதினால், 10 கிலோ குழந்தைக்கு 10 × 15 = 150 மி.கி. தேவை. அதனை மில்லியாக மாற்ற, தேவையான மி.கி. அளவைக் குப்பியில் குறிப்பிட்டுள்ள மி.கி. அளவால் வகுத்து, அது கலந்துள்ள மி.லி. அளவால் பெருக்க வேண்டும்.

5 மில்லியில் 120 மி.கி. உள்ள சிரப் எனில்: 150 ÷ 120 × 5 = 6.25 மி.லி.
5 மில்லியில் 250 மி.கி. உள்ள சிரப் எனில்: 150 ÷ 250 × 5 = 3 மி.லி.
1 மில்லியில் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்து எனில்: 150 ÷ 100 × 1 = 1.5 மி.லி.

குழந்தை ஒன்றே, மருந்தும் ஒன்றே. குப்பி மாறும்போது மில்லி மாறுகிறது. முதல் சிரப்பிற்குரிய 6.25 மில்லியை எவரேனும் சொட்டு மருந்தில் கொடுத்துவிட்டால், குழந்தையின் உடலில் 625 மி.கி. சேரும். அது உரிய அளவைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். மிகுதியான பாராசிட்டமால் கல்லீரலைச் சேதப்படுத்தும். அச்சேதம் முதல் நாளில் வெளியே தெரியாமலும் இருக்கலாம்.

இதனால்தான் ஆபத்து மிகுந்த மருந்துகளை இரு செவிலியர்கள் தனித்தனியே கணக்கிட்டு ஒப்பிடுகின்றனர். ‘.5’ என எழுதாமல் ‘0.5’ என எழுதுவதும், ‘5.0’ என எழுதாமல் ‘5’ என எழுதுவதும் அவர்கள் பயிலும் ஒழுங்கு. புள்ளி ஒன்று கண்ணுக்குத் தப்பினால் அளவு பத்து மடங்காகிவிடும். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் ஆகிய ஐந்தையும் சரிபார்ப்பதால் சிறிது தாமதம் நேரலாம், அருள்கூர்ந்து பொறுத்திருங்கள். அளவில் ஐயம் தோன்றினால் தயங்காமல் கேளுங்கள்.

வீட்டில் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்க வேண்டுகிறோம்:

• மருத்துவரிடம் மில்லியை மட்டுமன்றி, எந்தக் குப்பிக்கு அந்த மில்லி என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கடையில் வேறு குப்பி தரப்பட்டால் மறுபடியும் கேளுங்கள்.
• சமையலறைக் கரண்டி வேண்டாம். குப்பியுடன் வரும் அளவு மூடியையோ ஊசியில்லாத சிரிஞ்சையோ பயன்படுத்துங்கள்.
• இரு வேளைகளுக்கிடையே குறைந்தது 4 மணி நேரம் இருக்கட்டும். 24 மணி நேரத்தில் 4 வேளைகளுக்கு மேல் பாராசிட்டமால் கூடாது. கொடுத்த நேரத்தைக் குறித்து வைத்தால், தாய் கொடுத்ததைப் பாட்டி மீண்டும் கொடுக்க நேராது.
• சளி மருந்துகள் சிலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும். இரண்டையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள்.
• 3 மாதத்திற்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டினால், தாமாக மருந்து தராமல் உடனே மருத்துவரிடம் கொண்டு வாருங்கள்.

அளவு மிகுந்துவிட்டதாக அறிந்தால், குழந்தை நலமாகத் தோன்றினாலும் காத்திருக்க வேண்டாம். வாந்தி எடுக்கச் செய்யவும் வேண்டாம். மருந்துக் குப்பியைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். எவ்வளவு, எப்போது கொடுக்கப்பட்டது என்பதை மறையாது கூறுங்கள். உங்களைக் கடிந்துகொள்வதற்காக நாங்கள் அதைக் கேட்பதில்லை. மாற்று மருந்தைக் காலத்தே தொடங்க அது எங்களுக்குத் தேவைப்படுகிறது.