கொட்டாங்கச்சி தொப்பி போட்ட டிராக்டர்!

மன்னார்குடிப் பக்கம் ஐப்பசியில் போனால், வாசலில் நிற்கும் பழைய டிராக்டர்களைக் கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். செங்குத்தாக நிற்கும் சைலன்சர் குழாய் மேல் ஒரு கொட்டாங்கச்சி கவிழ்ந்திருக்கும். அது இல்லையென்றால் காலி டப்பா. திருஷ்டிக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள்!

மழைத்தண்ணீர் அந்தக் குழாய் வழியே இறங்கும். ஏதாவது ஒரு வால்வு திறந்த நிலையில் வண்டி நின்றிருந்தால் நேரே சிலிண்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். காலையில் செல்ஃப் அடித்ததும் பிஸ்டன் மேலே வரும். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியுமா? கனெக்டிங் ராடு வளைந்து, எஞ்சினையே இறக்க வேண்டியதுதான். அவ்வளவு பெரிய செலவைத் தடுப்பது, சட்னிக்குத் துருவிய தேங்காயின் மிச்சம்! இதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இன்னும் என்னவெல்லாம் ஒளித்து வைத்திருக்கிறார்கள்? வாங்க, ஒரு மெக்கானிக் செட்டுக்குள் எட்டிப் பார்த்துவிடலாம்.

தகரக் கூரை, டீசல் வாடை, எண்ணெய் குடித்துக் கறுத்த மண்தரை. நடுவில் சிவப்பு மாஸி பெர்குசன் 1035 ஒன்று... அய்யய்யோ, இரண்டு துண்டாகக் கிடக்கிறது! மூக்கும் எஞ்சினும் ஒரு பக்கம், சீட்டும் பெரிய டயர்களும் இன்னொரு பக்கம், நடுவில் ஆள் நடந்து போகலாம்.

"கிளட்ச் பிளேட்டு மாத்தணும்ல சார்" என்கிறார் மெக்கானிக், வெங்காயம் உரிப்பதைப் பற்றிச் சொல்கிற அலட்சியத்தோடு.

இந்த டிராக்டருக்கு லாரிக்கு இருப்பதுபோல் தனியாகச் சேஸ் கிடையாது. எஞ்சின், கியர்பாக்ஸ், பின் அச்சு மூன்றையும் போல்ட் போட்டு இணைத்தால் அதுவேதான் முதுகெலும்பு. ஆகவே கிளட்சைத் தொட வேண்டுமானால் வண்டியைப் பிளந்தே ஆக வேண்டும். அதிலும் ஒரு சூட்சுமம். வரப்பு ஏறி இறங்க வசதியாக, முன் அச்சை நடுவில் ஒரே ஒரு பின்னில் ஆடவிட்டிருக்கிறார்கள். பின்பாதியைப் பிரித்ததும் முன்பாதி அந்தப் பின் மேலேயே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். அதற்காக அச்சின் இரண்டு பக்கமும் மர ஆப்பு அடித்து இறுக்குகிறார்கள். இரண்டு மரத்துண்டுதான். அது இல்லாமல் ஒரு போல்ட்டைக்கூடத் தளர்த்த மாட்டார் நம்ம ஆள்.

இந்த வண்டிகள் நம்ம ஊர்க்காரர்கள்தான் தெரியுமோ? மாஸி பெர்குசனோடு கைகோத்து 1960-ல் சென்னையில் தொடங்கிய கம்பெனி டாஃபே. உள்ளே இருக்கும் மூன்று சிலிண்டர் எஞ்சினும் சென்னை சிம்சன் வார்த்தது. உதிரிபாகம் ஒரு தாலுகா ஊரிலேயே கிடைப்பதற்கும், கிடைக்காததை லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்கிவிடுவதற்கும் இதுவே பாதிக் காரணம்.

செட்டின் காலண்டர் ரொம்ப வேடிக்கை. இத்தனை மணி நேரம் ஓடியதும் சர்வீஸ் என்று கம்பெனி புத்தகம் சொல்லும். டெல்டாவில் சர்வீஸ் தேதி ஆயுத பூஜை! பொட்டு வைப்பதற்காகக் கழுவுகிறார்கள். கழுவினால்தான் எங்கே ஒழுகுகிறது என்று தெரிகிறது. தெரிந்த பிறகு சும்மா விட முடியுமா? வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்குச் சற்று முன்னால் ஊர் வண்டியெல்லாம் இப்படிச் சோதனைக்கு வந்துவிடுகிறது. எந்த அதிகாரி உட்கார்ந்து திட்டம் போட்டிருந்தாலும் இதைவிடப் பொருத்தமாக நாள் குறித்திருக்க மாட்டார்.

சோதனை எப்படி? எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் வாய் மேல் உள்ளங்கையை வைக்கிறார் மெக்கானிக். புஸ்ஸென்று தள்ளினால் "ஏர் அடிக்குது", அதாவது ரிங்கும் லைனரும் தேய்ந்துவிட்டன. புகையையும் பார்க்கிறார். கறுப்பு என்றால் டீசல் அதிகம், இல்லையானால் ஏர் கிளீனர் அடைப்பு. நீலம் என்றால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது. கடைசியில் ஆயில் குச்சியை உருவுகிறார். அடை மழையில் நின்ற வண்டியானால் இங்கேதான் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆயில் கறுப்பாக இருந்தால் கவலையில்லை. பால் ஊற்றிய டீ மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்தாயிற்று, வண்டி வயலுக்குப் போகாது.

எனக்கு மிகவும் பிடித்தது ஏர் எடுக்கும் வேலைதான். டேங்கில் டீசல் தீர்ந்துபோய் ஓடி நின்ற வண்டிக்கு, அப்புறம் டேங்க் நிறைய ஊற்றினாலும் உயிர் வராது. குழாயில் காற்று புகுந்திருக்கும். ஃபில்டர் தலையிலுள்ள குட்டித் திருகைத் தளர்த்திவிட்டு, "அடிடா தம்பி" என்கிறார். உதவிக்கு நிற்கும் பையன் ஃபீட் பம்ப்பைக் கையால் டொக்கு டொக்கென்று அடிக்கிறான். முதலில் நுரை வருகிறது. அப்புறம் குமிழி. பிறகு சுத்தமான டீசல் கோடாக வழிகிறது. திருகை இறுக்கி, அடுத்த திருகு. கடைசியில் நாசில் நட்டுகளைத் தளர்த்திச் செல்ஃப் அடித்தால் மூன்று முனையிலும் டீசல் துள்ளுகிறது. இறுக்கியதும், டட்... டட்... டடடடடட! நான் கை தட்டிவிட்டேன். பையன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

லேப்டாப் செருகிப் பார்க்கும் வேலை இங்கே ஒன்றும் இல்லை. 50 குதிரைசக்திக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் புதிய புகை விதி வந்துவிட்டது. அந்த வண்டிகளில் மின்னணு சமாச்சாரம் ஏறிவிட்டது. புகை குறைவு, நல்லதுதான். ஆனால் நடுவயலில் மழையில் நின்றுவிட்டால், ஒரு ரிங் ஸ்பேனரோடு வந்து பிழைக்கவைக்க முடிவது பழைய மாஸியையும் எச்.எம்.டி.யையும்தான். என் ஓட்டு பழசுக்கே.

இத்தனை ஜோடனையும் எதற்கு? குறுவை அறுப்பும் தாளடி உழவும் சேர்ந்து மழையில் மாட்டிக்கொள்ளும் அந்தச் சில வாரங்களுக்காக. வயல் ஈரமானால் டயர் வண்டி அறுப்பு மெஷின் இறங்காது, வாடகை கூடுதலான பெல்ட் வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். அறுத்த நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் தளர்வு உத்தரவு வரும்வரை இழுபறி. நெல்லைத் தார்ப்பாய் போட்டு டிரெய்லரில் அங்குமிங்கும் இழுப்பது மாஸி. அறுத்த கையோடு டயருக்குப் பக்கத்தில் இரும்புக் கேஜ் வீலை மாட்டிக்கொண்டு சேற்றில் இறங்குவதும் அதே மாஸி. கரையேறியதும் கிளட்ச் பெட்டிக்கு அடியிலுள்ள சின்ன ஓட்டையைத் தடவிப் பார்க்கிறார்கள். உள்ளே கசியும் எண்ணெயும் தண்ணீரும் வெளியேறும் வழி அது. அதில் ஒரு பிளவு ஊசி தொங்கி ஆடிக்கொண்டே இருக்கும், சேறு அடைக்காமலிருக்க. இதைக் கண்டுபிடித்த புண்ணியவான் யாரோ!

2018 நவம்பர் 16 அன்று, நள்ளிரவு தாண்டி, வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையேறியபோது, சாலைகளில் விழுந்து கிடந்த தென்னைகளைச் சங்கிலி போட்டு இழுத்து வழி திறந்ததில் இந்தப் பழைய வண்டிகளுக்கும் பங்கு உண்டு. பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. மாஸிக்கு அதனால் என்ன? பேட்டரி செத்தால் மேட்டிலிருந்து உருட்டிவிட்டு கியரில் போட்டால் கிளம்பிவிடும்.

மழைக்காலத்தின் இன்னொரு வில்லன் எலி. வயலில் தண்ணீர் நின்றதும் அது தேடி வருவது டிராக்டரின் சீட் பஞ்சையும் வயரையும்தான். இதற்கு மட்டும் செட்டில் யாரிடமும் வைத்தியம் இல்லை.

சிரிப்பை நிறுத்திவிட்டு ஒன்று சொல்ல வேண்டும். சேற்றில் புதைந்த டிராக்டரின் பின்சக்கரத்தில் கட்டையைக் கட்டி ஏற்றும் வழக்கம் இன்னும் இருக்கிறது. சக்கரம் சுழல முடியாமல் சிக்கினால் எஞ்சினின் விசை முழுவதும் வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கிவிடும். மூக்கு மேலே போய் வண்டி பின்னால் கவிழக் கண்மூடித் திறக்கும் நேரம் போதும். பழைய வண்டிகளில் ஓட்டுநரைக் காக்கும் கம்பிச் சட்டமும் இல்லை. தயவுசெய்து வேண்டாம். டயர் சும்மா சுற்ற ஆரம்பித்ததுமே நிறுத்துங்கள். இன்னொரு வண்டியை வரவழைத்துச் சங்கிலியைத் தாழ்வாகக் கட்டி இழுக்கச் சொல்லுங்கள்.

செட்டை நேரில் பார்க்க ஆசையா? ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் போங்கள், வெள்ளைச் சட்டை மட்டும் வேண்டாம். தீபாவளி தாண்டிவிட்டால் மெக்கானிக் செட்டில் கிடைக்க மாட்டார். ஏதாவது ஒரு வயலில், முழங்கால் சேற்றில், யாருக்கோ ஏர் எடுத்துக்கொண்டிருப்பார்.