எண்பதிலும் நிற்கப் பழகலாம்

ஒருமுறை கால் இடறி விழுந்து எழுந்த பெரியவருக்கு நம் வீடுகளில் அன்றே ஒரு நாற்காலி ஒதுக்கப்பட்டுவிடும். "நீங்க உட்காருங்கப்பா, தண்ணி நான் எடுத்துட்டு வர்றேன்" என்பார் மகள். வாசல் வரை போனாலும் பேரன் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்வான். எல்லாம் அன்புதான். ஆனால் உட்கார்ந்தே இருக்கும் காலில் தசை கரைகிறது. தசை கரையக் கரையத் தடுமாற்றம் கூடுகிறது. தடுமாறத் தடுமாறப் பயம் ஏறி, அவர் இன்னும் அதிக நேரம் உட்கார்ந்துவிடுகிறார். அடுத்த முறை அவர் விழுவதற்கு அந்த நாற்காலியே வழி செய்து வைக்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள். அவர்களில் 60 வயதைக் கடந்தவர்களே அதிகம்.

நாம் சாயாமல் நிற்பதற்காக மூன்று இடங்களிலிருந்து மூளைக்குத் தகவல் போய்க்கொண்டே இருக்கிறது: கண், உட்காதில் திரவம் நிரம்பிய சிறு குழல்கள், பாதத்திலும் கணுக்காலிலும் உள்ள உணர்வு நரம்புகள். வயது ஏற ஏற மூன்றும் மங்கும். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பாதத்தின் உணர்வு மேலும் குறையலாம். இரவில் விளக்குப் போடாமல் எழுந்தால் கண்ணின் துணையும் போய்விடும். தகவல் சரியாக வந்தாலும், சரியும் உடலைத் தாங்கச் சட்டென்று ஓர் அடி எடுத்து வைக்கத் தொடையிலும் கெண்டைக்காலிலும் வலு வேண்டும். அந்த வலுவைப் பழக்கத்தால் மீட்க முடியும், எண்பது வயதிலும்.

அதைக் காட்டியவர்கள் நியூசிலாந்தின் டுனெடின் நகரத்துப் பாட்டிகள். ஒடாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் கேம்பெல் குழுவினர், 80 வயதும் அதற்கு மேலும் ஆன 233 பெண்களை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினரின் வீட்டுக்கு இரண்டு மாதத்தில் நான்கு முறை பிசியோதெரபிஸ்ட் போய்ப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். மற்றவர்கள் வீட்டுக்கும் அத்தனை முறை ஆள் போனது, பேசிவிட்டு வருவதற்கு மட்டும். ஓராண்டு முடிவில், பேச்சுத் துணை மட்டும் கிடைத்தவர்கள் மொத்தம் 152 முறை விழுந்திருந்தார்கள். பயிற்சி செய்தவர்கள் 88 முறை. இது 1997இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது.

ஒடாகோ பயிற்சிகள் எனப்படும் அவை எளிமையானவை. கணுக்காலில் சிறு எடையைக் கட்டிக்கொண்டு, உட்கார்ந்தபடி காலை நீட்டி மடக்குவது. சமையல் மேடையைப் பிடித்தபடி குதிகாலைத் தூக்கி நிற்பது. நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. பக்கவாட்டிலும் பின்னோக்கியும் நடப்பது. ஒற்றைக்காலில் நிற்பது. முன்னால் வைத்த காலின் குதி, பின்னங்காலின் விரலைத் தொடும்படி அடி வைத்து நடப்பதும் உண்டு. கோயிலில் அடிப்பிரதட்சிணம் செய்பவர்கள் நடக்கும் அதே நடை! அரை மணி நேரம், வாரத்துக்கு மூன்று நாள்.

சூட்சுமம் கையில்தான் இருக்கிறது. தொடக்கத்தில் இரு கைகளாலும் மேடையைப் பிடிக்கலாம். பழகியதும் ஒரு கை, அதன்பின் கையை விட்டு நிற்பது. உடல் கொஞ்சம் ஆடி, தானே திருத்திக்கொள்ளும் அந்த நொடிதான் பயிற்சி. "நான்தான் தினமும் நடக்கிறேனே" என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 108 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2019ஆம் ஆண்டு அறிக்கையில், சமநிலைப் பயிற்சிகள் விழுவதை 24 சதவீதம் குறைத்தன. வெறும் நடைப்பயிற்சிக்கு அப்படித் தெளிவான பலன் தெரியவில்லை.

தலைச்சுற்றல் உள்ளவர்கள், எழுந்ததும் கண் இருட்டுபவர்கள், அண்மையில் எலும்பு முறிந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. ஈரத்தரையும் தளர்ந்த செருப்பும் வேண்டாம். பேரன் அருகில் நிற்கட்டும், எட்டிப் பிடிக்கும் தூரத்தில். கையை மட்டும் பிடிக்க வேண்டாம்.

டுனெடினில் பயிற்சிப் பிரிவில் இருந்து இரண்டாம் ஆண்டிலும் ஆய்வில் நீடித்த பாட்டிகளில் 44 சதவீதம் பேர், அப்போதும் வாரம் மூன்று முறையாவது பயிற்சியைச் செய்துகொண்டிருந்தார்கள்.