உணவும் ஓய்வும் மருந்தும்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்தொடர்வண்டியில் பயணம் செய்வோர், குரோம்பேட்டையை அடுத்து 'தாம்பரம் சானடோரியம்' என்னும் நிலையத்தைக் கடப்பர். ஓர் ஊரின் பெயரோடு மருத்துவமனையின் பெயர் ஒட்டிக்கொண்டு நிலையப் பெயராகவே நிலைத்துவிட்டது. 1928ஆம் ஆண்டு மருத்துவர் சௌரி முத்து அங்கே காசநோயாளர்களுக்காக ஒரு நலவாழ்வு இல்லத்தை நிறுவினார். காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து எதுவும் அன்று இல்லை. தூய காற்று, முழு ஓய்வு, ஊட்டமான உணவு ஆகிய மூன்றுமே மருத்துவமாகக் கருதப்பட்டன. இல்லத்தில் இடம் கிடைத்தவர் மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில் கட்டிலில் கிடந்தனர். இடம் கிடைக்காதவர் வீட்டிலேயே இருமிக்கொண்டிருந்தனர்.

இம்மூன்றும் உண்மையில் நோயைத் தீர்த்தனவா? நூறாண்டுக்கால வழக்கம் ஒன்றை ஐயுற்று இவ்வாறு கேட்பது எளிதன்று. விடை காண்பது அதனினும் அரிது. நல்லுணவு உண்டு ஓய்வெடுத்த ஒருவர் நலம் பெற்றால், உணவால் நலம் பெற்றாரா, ஓய்வாலா, அன்றித் தம் உடலின் இயல்பான எதிர்ப்பாற்றலாலா என்பதை அவர் ஒருவரைக் கண்டு சொல்ல இயலாது. இரு குழுவினரை ஒப்பிட வேண்டும். அவ்விரு குழுக்களும் தொடக்கத்தில் ஒத்தவையாக இருத்தல் வேண்டும். வலுவுள்ளோரை ஒரு பக்கமும் நலிந்தோரை மறுபக்கமும் வைத்து ஒப்பிட்டால், கிடைப்பது மருந்தின் வலிமையன்று, பிரித்தவரின் விருப்பமே.

இவ்விடரைக் களைந்த முறையே சமவாய்ப்புப் பகிர்வு. 1948இல் இங்கிலாந்தின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் வெளியிட்ட ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு இதற்கு வழிகாட்டியாயிற்று. போருக்குப் பிந்தைய காலமாதலின் அம்மருந்து அனைவருக்கும் போதுமான அளவில் கிடைக்கவில்லை. எனவே 107 நோயாளரில் மருந்து பெறுவோர் யார் என்பதை மருத்துவர் தேர்ந்தெடுக்கவில்லை. புள்ளியியல் அறிஞர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் வகுத்தபடி, ஒட்டி மூடிய உறைகளுக்குள் இருந்த சீட்டுகளே அதனை முடிவு செய்தன. ஆறு மாதங்களில் மருந்து பெற்ற 55 பேரில் நால்வரும், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் இறந்தனர். ஊடுகதிர்ப் படங்களைப் பார்த்து மதிப்பிட்டவர்களுக்கு, எந்தப் படம் எக்குழுவினருடையது என்பது தெரிவிக்கப்படவில்லை. ஓய்வு மட்டும் பெற்றோரிடம் அவர்கள் ஓர் ஆய்வில் இருப்பதே சொல்லப்படவில்லை என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். ஆய்வுக்கு உட்படுவோரின் தெளிந்த ஒப்புதலின்றி இன்று மருத்துவ ஆய்வு பொதுவாக நடைபெற இயலாது.

சென்னை எழுப்பிய வினா

1956ஆம் ஆண்டு சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் வேதிமருத்துவ மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், இங்கிலாந்தின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியவை அதில் கைகோத்தன. மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் ஆய்வுக்குத் தலைமை தாங்கினார். அதற்குள் ஐசோனியசிட், பாஸ் என்னும் இரு மருந்துகள் புழக்கத்திற்கு வந்திருந்தன. அவற்றை வாய்வழி உட்கொள்ளலாம். நாட்டிலிருந்த நோயாளரின் எண்ணிக்கைக்கு முன் கட்டில்களின் எண்ணிக்கை மிகச் சிறிது. அத்தனை பேருக்கும் கட்டில் அமைக்க ஒரு தலைமுறைக்காலம் ஆகும். ஆகவே, மாத்திரையை மட்டும் கொடுத்து நோயாளரை வீட்டிலேயே இருக்கச் செய்தால் என்ன ஆகும் என்பதே ஆய்வின் வினாவாயிற்று.

இவ்வினாவில் பெரும் அச்சம் ஒன்றும் உள்ளடங்கியிருந்தது. ஒற்றை அறையில் ஐந்தாறு பேர் உறங்கும் குடும்பத்தில், சளியில் கிருமியுள்ள ஒருவரை விட்டுவைத்தால் குழந்தைகள் என்ன ஆவர்? ஆய்வு பிழைபட்டால் அதன் விலையைக் கொடுப்போர் ஆய்வாளர் அல்லர்.

சென்னை நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளர் சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களாகப் பகுக்கப்பட்டனர். ஒரு குழுவினர் நலவாழ்வு இல்லத்தில் சேர்க்கப்பட்டனர். மற்றக் குழுவினர் வீட்டிலேயே இருந்தனர். இரு சாராருக்கும் அதே இரு மருந்துகள் ஓராண்டுக்காலம் வழங்கப்பட்டன. இல்லத்திலிருந்தோர் சத்துள்ள உணவும் நீண்ட ஓய்வும் காற்றோட்டமான கூடமும் பெற்றனர். வீட்டிலிருந்தோர் தங்களுக்கு இயன்றதை உண்டனர். பலர் வேலைக்கும் சென்றனர். மாத்திரையை உண்மையில் விழுங்குகின்றனரா என்பதை அறியச் சிறுநீர் ஆய்வு செய்யப்பட்டது. முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று எஞ்சிய மாத்திரைகளும் எண்ணப்பட்டன. மருந்தை மறப்பது மனித இயல்பு என்பதை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டு அதனையும் அளந்ததே இவ்வாய்வின் சிறப்பு என்பேன். மருந்துண்பதைச் செவிலியரோ பணியாளரோ நேரில் கண்காணிக்கும் பிற்கால முறைக்கு வித்து இங்கேதான் விழுந்தது.

1959இல் முடிவுகள் வெளியாயின. ஓராண்டு முடிவில் சளியில் கிருமியற்று நோய் தணிந்தோர் இல்லத்தில் 92 விழுக்காட்டினர். வீட்டில் 86 விழுக்காட்டினர். இல்லத்து நோயாளரின் உடல் எடை வீட்டு நோயாளருடையதைவிட மிகுதியாகக் கூடியிருந்தது. ஆயினும் அந்த எடை வேறுபாட்டின் அளவிற்கு நோய் தணிவதில் வேறுபாடு காணப்படவில்லை. ஐந்தாண்டுகள் தொடர்ந்து கண்காணித்தபோதும் இரு குழுவினரும் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தனர். அச்சமூட்டிய மற்றொரு கேள்விக்கும் விடை கிடைத்தது. வீட்டில் மருத்துவம் பெற்றோரின் குடும்பத்தாருக்கு, இல்லத்தில் சேர்க்கப்பட்டோரின் குடும்பத்தாரைவிடக் கூடுதலாக நோய் தொற்றவில்லை. தொற்று பெரும்பாலும் நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே நிகழ்ந்துவிட்டிருந்தது. மருந்து தொடங்கியபின் பரவல் விரைவில் தணிந்தது. இதன்பின் உலக நாடுகள் பலவற்றில் காசநோய் மருத்துவம் கட்டிலை விட்டு வீட்டிற்கு வந்தது.

உணவு பொருட்டன்றா?

சென்னை ஆய்வைப் படிப்போர் பலர் ஒரு தவறான முடிவிற்கு எளிதில் வந்துவிடுவர். 'உணவு பயனற்றது' என்று அவ்வாய்வு கூறவில்லை. தக்க மருந்தை முறையாக உண்போரின் நோய் தணிய, இல்லத்து உணவு இன்றியமையாததன்று என்பதே அது நிறுவியது. நோய் வராமல் காப்பதில் உணவின் பங்கு என்ன என்பது வேறொரு வினா. அதற்கு வேறோர் ஆய்வு தேவைப்பட்டது. ஒரு வினாவிற்குரிய விடையை மற்றொரு வினாவிற்குப் பொருத்துவது ஆய்வுகளைப் படிப்போர் அடிக்கடி இடறும் இடமாகும்.

அவ்வாய்வு அறுபதாண்டுகளுக்குப் பின் ஜார்க்கண்ட் மாநிலத்தில் நிகழ்ந்தது. மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோர் முன்னின்று நடத்திய இதில், சேத்துப்பட்டு நிறுவனமும் பங்கேற்றது. அஃது இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் எனப் பெயர் பெற்றுள்ளது. 2019இல் தொடங்கிய இவ்வாய்வில் 2,800 நோயாளரும் அவர்தம் குடும்பத்தார் பத்தாயிரத்திற்கும் மேற்பட்டோரும் இடம்பெற்றனர். நோயாளர் அனைவருக்கும் உணவுப் பொருள்கள் வழங்கப்பட்டன. குடும்பத்தாரில் ஒரு பகுதியினருக்கு மட்டும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் நுண்சத்து மாத்திரைகளும் அளிக்கப்பட்டன. இங்குச் சீட்டு தனித்தனிக் குடும்பங்களுக்கு எடுக்கப்படவில்லை. 28 காசநோய் மருத்துவ வட்டாரங்களுக்கு எடுக்கப்பட்டது. ஒரே தெருவில் ஒரு வீட்டிற்கு அரிசி மூட்டை வர, அடுத்த வீடு வெறுங்கையோடு இருந்தால் என்ன நேரும்? பெற்றவர் பகிர்ந்துண்பார், பெறாதவர் மனம் வருந்துவார். பகிர்ந்துண்பது அறமே எனினும் அஃது ஆய்வின் கணக்கைக் குலைத்துவிடும்.

2023இல் வெளியான முடிவின்படி, உணவு பெற்ற குடும்பத்தாரிடையே காசநோய் ஏற்படுவது 39 விழுக்காடு குறைந்தது. சளிவழிப் பரவக்கூடிய நுரையீரல் காசநோய் 48 விழுக்காடு குறைந்தது. புதிய தடுப்பூசி எதுவுமின்றி, அரிசியாலும் பருப்பாலும் பெற்ற பயன் இது. நோயாளரைப் பொறுத்தவரையிலும் ஒரு செய்தி கிட்டியது. முதல் இரண்டு மாதங்களில் எடை 5 விழுக்காடு கூடியவர்களிடையே இறப்பு 61 விழுக்காடு குறைவாக இருந்தது. எடை கூடியதால் உயிர் பிழைத்தனரா, நோய் தணிந்ததால் எடை கூடிற்றா என்பதை இவ்வெண் மட்டும் சொல்லிவிடாது. ஏனெனில் எடை கூடுவோர் யார் என்பதைச் சீட்டு முடிவு செய்யவில்லை.

தமிழ்நாட்டில் 2022 முதல் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' நடைமுறையில் உள்ளது. நோய் கண்டறியப்பட்ட உடனேயே ஒவ்வொருவரின் எடையும் உயரமும் அளக்கப்படுகின்றன. மூச்சின் வேகம், குருதியில் உயிர்வளியின் அளவு, கால் வீக்கம், துணையின்றி எழுந்து நிற்கும் வலிமை ஆகியவையும் பார்க்கப்படுகின்றன. கடுமையாக நலிந்திருப்போர் மருத்துவமனையில் சேர்க்கப்படுகின்றனர். ஏனையோர் மாத்திரைகளைப் பெற்றுக்கொண்டு வீடு திரும்புகின்றனர்.