கார் இன்ஷூரன்ஸ்: ரேட் மட்டும் பார்த்தா போதுமா?

வீட்டு காருக்கு இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கிற வேலை உங்க தலையில விழுந்திருக்கா? நெட்ல நாலு கம்பெனி ரேட்டைப் பார்த்து, குறைஞ்சதை க்ளிக் பண்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் பாஸ்!

'தேர்டு பார்ட்டி' பிரீமியம் அரசு நிர்ணயிக்கிறது. எல்லா கம்பெனியிலும் ஒண்ணுதான். 1,000 சி.சி-க்கு உட்பட்ட காருக்கு 2022 ஜூனில் அமலுக்கு வந்த ரேட் 2,094 ரூபாய். வித்தியாசமெல்லாம் நம்ம காரோட சேதத்துக்கான 'ஓன் டேமேஜ்' பகுதியிலதான். ஒரு கம்பெனி மட்டும் ரொம்ப மலிவா? 'ஐ.டி.வி.'ங்கிற காரின் மதிப்பைக் குறைச்சுப் போட்டிருக்கலாம். கார் திருடுபோனா, கைக்கு வர்ற தொகையும் குறையும்!

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல சென்னையில மூழ்கின கார்கள் ஞாபகம் இருக்கா? தண்ணி புகுந்து இன்ஜின் போனா, சாதாரண பாலிசியில பணம் வாங்குறது கஷ்டம். 'இன்ஜின் புரொடெக்ட்' தனியா சேர்க்கணும். தண்ணியில நின்ன காரை ஸ்டார்ட் பண்ணவே கூடாது.

க்ளெய்ம் பண்ணாத முதல் வருஷத்துக்கு 20 சதவிகிதம், தொடர்ந்து அஞ்சு வருஷம்னா 50 சதவிகிதம் 'நோ க்ளெய்ம் போனஸ்' உண்டு. கம்பெனி மாறினாலும் கூடவே வரும். பாலிசி முடிஞ்சு 90 நாள் தாண்டினா மொத்தமும் போச்சு!

கடைசியா, எந்த கம்பெனி இழுத்தடிக்காம பணம் தருதுன்னு உங்க ஏரியா சர்வீஸ் சென்டர்ல விசாரிங்க. விளம்பரம் சொல்லாததை அவங்க சொல்வாங்க!